4.20 லட்சம் எஸ்டிமேட்டுக்கு 1.76 லட்சம் மட்டும் ஏன் வருகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் இரண்டு வருடமாக இவர்தான் வண்டிகளைக் கவனிக்கிறார். பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்று, தக்காளி ஏற்றும் பிக்கப் ஒன்று. போன மாதம் டாரஸ், மாங்கூழ் டின் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து மதுரைக்குப் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன டிரெய்லரில் மோதிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 4,20,000 ரூபாய். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் கணக்கை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி 1,76,625 தருகிறேன் என்கிறது. "சர்வேயர் ஏமாற்றுகிறாரா? சரக்குக்காரர் வேறு ஒன்றரை லட்சம் கேட்கிறார். இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?" என்பது கேள்வி.

தம்பி, நான் கிருஷ்ணகிரியில் 26 வருடமாக லாரிக்காரர்களின் க்ளெய்ம் காகிதங்களைப் பார்த்து வருகிறேன். அதில் 9 வருடம் சொந்த வண்டியும் வைத்திருந்தேன். உங்கள் கணக்கைப் பார்த்ததும், இதில் இரண்டு வெட்டு விழுந்திருக்கிறது என்பது தெரிகிறது. முதல் வெட்டு பாலிசிப்படி சரியானது. இரண்டாவதைக் கேள்வி கேட்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

உங்கள் வண்டிக்கு ஆறு வயது. ஐந்து வருடம் தாண்டி பத்து வருடத்துக்குள் இருக்கும் வண்டியில் மாற்றும் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாம் வயது எதுவானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை, லேபருக்கும் இல்லை. நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டில் லேபர் 70,000, இரும்புப் பாகங்கள் 2,40,000, பிளாஸ்டிக் ரப்பர் 40,000, கண்ணாடி 15,000, பம்பர் ஹெட்லைட் மட்கார்டு பெயிண்ட் எல்லாம் சேர்த்து 55,000. இரும்புக்கு 1,44,000 வரும், பிளாஸ்டிக்குக்கு 20,000 வரும். லேபரும் கண்ணாடியும் முழுதாக. ஆக 2,49,000. அதில் பழைய இரும்புக்கு 12,000, ஒவ்வொரு க்ளெய்மிலும் ஓனர் தலையில் விழும் கட்டாயக் கழிவு 1,500 போனால் 2,35,500.

அந்த 55,000 எங்கே போயிற்று? இதுதான் நம்ம ஊர் ஓனர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம். சரக்கு வண்டிப் பாலிசியில் விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பாகங்கள், பம்பர், பெயிண்ட் இவற்றுக்கு, வண்டி முழுச்சேதம் ஆனால் தவிர, பணம் கிடையாது. சொந்தச் சேதப் பிரீமியத்தோடு 15 சதவீதம் கூடுதலாகக் கட்டி ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையை வாங்கினால்தான் அதெல்லாம் உள்ளே வரும். டயர் டியூபுக்கு அப்போதும் பாதிதான், அதுவும் வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால். ஏஜென்ட் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட முதலில் தூக்கி எறிவது இதைத்தான். முன்பக்கம் அடிபடாத லாரி விபத்து எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? அடுத்த ரினியூவலில் பாலிசித் தாளில் 'ஐ.எம்.டி. 23' என்று அச்சாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். புது வண்டியாக இருந்தால் தேய்மானம் கழிக்காத சேர்க்கையைச் சில கம்பெனிகள் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். ஆறு வருட வண்டிக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆக, சர்வேயர் உங்களை ஏமாற்றவில்லை. 2,35,500 வரை அவர் கணக்கு சரி.

இப்போது இரண்டாவது வெட்டு. 2,35,500-ல் 75 சதவீதம் 1,76,625. அனுமதித்த எடையைவிட அதிகம் ஏற்றியிருந்தால் முழுசாகத் தள்ளுபடி செய்யாமல் 75 சதவீதம் வரை தரலாம் என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகள் வைத்திருக்கும் பழைய வழிமுறை. 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வழிமுறையை எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே அவர்கள் இல்லாத விதியைப் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டியில் எடை கூடுதல் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? சம்பவ இடத்தில் யாரும் எடை போடவில்லை என்று சொல்கிறீர்கள். இன்வாய்ஸில் இருக்கும் எடையையும் ஆர்.சி.யில் இருக்கும் எடையையும் வைத்துக் கழித்துப் பார்த்திருப்பார்கள். லோடு ஏற்றிய ஃபேக்டரி வாசலிலோ வழியிலோ எடை மேடையில் போட்ட சீட்டு உங்களிடம் இருந்து, அது ஆர்.சி. எடைக்குள் நின்றால், இந்த வெட்டு நிற்காது. சீட்டு இல்லையென்றால் ஃபேக்டரி கேட்டில் கேளுங்கள், அங்கே பதிவு இருக்கும்.

எடை உண்மையாகவே கூடுதல் என்றால் உங்களுக்கு ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1996-ல் நாகராஜு வழக்கில், விதிமீறலுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லையென்றால் க்ளெய்மை அடியோடு மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். அது சரக்கு வண்டியில் ஆட்கள் கூடுதலாக ஏறிய வழக்கு. மலை இறக்கத்தில் பிரேக் நிற்காத விபத்துக்கும் கூடுதல் எடைக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுத என் கை வராது. அந்த நிலையில் 75 சதவீதத்தை வாங்கிக்கொள்வதே நல்லது என்பேன்.

செய்ய வேண்டியது இது. சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு எழுத்தில் மெயில் போடுங்கள். எடையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். பணத்தை வாங்கும்போது ஒரு வவுச்சரில் 'முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்பார்கள். 'எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை அவர் பார்ப்பார், செலவு இல்லை, வக்கீல் வேண்டாம். பதில் கிடைத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் தர்மபுரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடக் கெடு. 'லாரி தொழில் வணிகம், நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று கம்பெனி வக்கீல் சொன்னால் பயப்பட வேண்டாம். இன்சூரன்ஸ் என்பது நஷ்டத்தை ஈடு கட்டத்தான், அதனால் வணிகம் செய்பவரும் நுகர்வோராக வரலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, சரக்குக்காரரின் ஒன்றரை லட்சம். இங்கே நான் பட்ட அடியைச் சொல்கிறேன்.

என் வண்டியில் அட்டைப் பெட்டி லோடு போனபோது வழியில் மழை. தார்ப்பாயில் இருந்த கிழிசலை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். இறக்கும் இடத்தில் குடோன்காரர் ஒரு தாளை நீட்டினார். 'டிரைவரின் கவனக்குறைவால் முழு லோடும் சேதம்' என்று அவரே எழுதி வைத்திருந்தார். நனைந்தது பின்பக்கத்து நாற்பது பெட்டிகள்தான். வாடகை பாக்கி நின்றுவிடும் என்று டிரைவர் கையெழுத்துப் போட்டார், போடச் சொன்னது நான்தான். சரக்குக்காரருக்கு அவருடைய சரக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டது. விஷயம் முடிந்தது என்று இருந்தேன். நடுவில் வந்த ஒரு பதிவுத் தபாலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்த இன்சூரன்ஸ் கம்பெனியே முழு லோடின் பணத்தையும் என்னிடம் கேட்டு வழக்குப் போட்டது. சரக்குக்காரருக்குப் பணம் கொடுத்தால் அவருடைய உரிமை முழுக்க அந்தக் கம்பெனிக்கு மாறிவிடும், நம்மிடம் வசூல் செய்யலாம். அந்தக் கையெழுத்துதான் அவர்களுடைய முதல் சாட்சி. ராஜியாகி முடிக்க ஒரு வருட வருமானம் போயிற்று. என் மனைவியின் நகை அந்த வருடம் பாங்கில்தான் இருந்தது.

அதனால் சொல்கிறேன். சேதச் சான்று கேட்டால் கொடுங்கள், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எத்தனை டின், எந்தப் பக்கம், நசுங்கியதா உடைந்ததா, அதை மட்டும் எண்ணி எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். போட்டோவும் எடுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதலில் ஜி.சி. நோட்டை, அதாவது லோடு ஏற்றும்போது போட்ட சரக்கு ரசீதை, எடுங்கள். 2007-ம் வருடத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சரக்கு சேதமானால் நம் கவனக்குறைவை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, பொறுப்பு நம் மேல்தான். இது நமக்குப் பாதகம். ஆனால் கூடுதல் ரிஸ்க் வாடகை பேசி அதிக மதிப்பை ஏற்றுக்கொண்டிருந்தால் தவிர, பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குக்குள் நிற்கும், நோட்டில் காட்டிய சரக்கு மதிப்பையும் தாண்டாது. வழக்குப் போடும் முன் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் வந்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தபால் வந்தால் பிரித்துப் பாருங்கள், கவரோடு வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங் ஆபீஸ் மூலமாக எடுத்த லோடு என்றால் ஜி.சி. நோட்டு யார் பெயரில் போட்டது என்பதே பாதி விஷயத்தைத் தீர்மானிக்கும். அவர்கள் போட்டிருந்தால் சரக்குக்காரர் முதலில் கேட்க வேண்டியது அவர்களை.

சரக்குக்காரரிடம் டிரான்சிட் பாலிசி, அதாவது வழியில் போகும் சரக்குக்கான இன்சூரன்ஸ், இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று விதம். சி என்றால் தீயும் இடியும் மட்டும். பி என்றால் அதோடு மோதல், கவிழ்தல், பாலம் உடைதல். ஏ என்றால் விலக்கு என்று எழுதியவை தவிர எல்லாம். உங்கள் மோதல் பி-யிலேயே வந்துவிடும், அவருக்குப் பணம் கிடைக்கும். அப்புறம் உங்களிடம் வசூலுக்கு வருவதா என்பது அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் விருப்பம். மாதம் முழுக்க வெளியார் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு, சரக்கு ஏற்றுபவரின் பொறுப்புக்கு என்று தனிப் பாலிசி இருக்கிறது. ஒரு டாரஸ் வைத்திருப்பவர்கூட அதை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ராயக்கோட்டைத் தக்காளிக்கு இது எதுவும் உதவாது. வண்டி வழியில் நின்று, தாமதத்தில் காய் அழுகினால் ஏ பாலிசியிலும் பணம் வராது. தாமதமும் பொருளின் இயல்பான கெடுதலும் எல்லாவற்றிலும் விலக்கு. தக்காளி வண்டிக்கு ஒரே பாதுகாப்பு, கிளம்பும் முன் டயரையும் கூலண்டையும் பார்ப்பதும், வழியில் மாற்று வண்டி தரக்கூடிய இரண்டு பேரின் நம்பரை டிரைவர் வைத்திருப்பதும்தான். பிக்கப் டிரைவரின் லைசென்ஸ் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. லைசென்ஸ் காலாவதி ஆகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாரஸ் விஷயத்தில் இன்னொன்று. டிரெய்லர்காரரிடம் 'தப்பு எங்களோடது, செலவைக் கொடுத்துவிடுகிறோம்' என்று எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். இனி அப்படி எதையும் எழுத வேண்டாம். கம்பெனி சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வது பாலிசி நிபந்தனைக்கு விரோதம். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு உங்கள் பாலிசியிலேயே 7.5 லட்சம் வரை இருக்கிறது. ரோட்டோரத் தடுப்புக் கம்பி வளைந்ததற்குப் பணம் கேட்டாலும் அதே கணக்குதான். அந்தத் தாளைக் கம்பெனிக்கு இப்போதே தெரிவித்துவிடுங்கள்.

விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரம் பெரியது. தொப்பூரில் டிராஃபிக்கைத் திறக்க போலீஸ் உடனே கிரேன் வைத்து இழுப்பார்கள், இழுக்கத்தான் வேண்டும். ஆகவே டிரைவர் முதலில் அடிபட்டவர்களைப் பார்க்க வேண்டும், நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடிக்க வேண்டும், அடுத்த வேலையாக வண்டி நின்ற நிலையை, நம்பர் பிளேட்டோடு, ரோட்டில் டயர் தேய்ந்த தடத்தோடு, லோடோடு போட்டோ எடுக்க வேண்டும். கிரேன் வந்த பிறகு எடுத்த போட்டோவுக்குப் பாதி மதிப்புதான். கிரேன் பில்லுக்கு சாதாரணப் பாலிசியில் 2,500 ரூபாய்க்கு மேல் வராது, கூடுதல் தொகைக்கு எடுத்திருந்தால் உண்டு. யாருக்கும் அடி இல்லையென்றாலும் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். கம்பெனிக்கு அன்றே சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமித்து, 15 நாளில் ரிப்போர்ட் வாங்கி, அதிலிருந்து 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்திருக்கிறது. உங்கள் மெயிலில் இந்தக் கெடுவைக் குறிப்பிடுங்கள், வேலை நகரும்.

ஓட்டியவர் பெயரை மாற்றிக் கொடுக்கும் வேலை மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். லைசென்ஸ் ரினியூவல் ஆகாத டிரைவருக்குப் பதில் தம்பி பெயர், மச்சான் பெயர் என்று கொடுத்து, டோல்கேட் கேமராவில் மாட்டி, வர வேண்டிய பணம் எல்லாம் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி இறக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமானது இதுதான்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ம் நம்பர் ரோடு பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை மேட்டு நிலத்திலேயே வந்து, பாளையம் டோல்கேட் தாண்டியதும் தொப்பூர் கணவாயில் சேலத்துச் சமவெளிக்கு இறங்குகிறது. 2024 ஜனவரியில் அங்கே லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து நான்கு பேர் செத்ததை நாம் எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். உங்கள் டிரைவர் நியூட்ரலில் இறக்கினாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள்.

கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் போட்டால் அந்தப் பிடி போய், மொத்த எடையும் பிரேக் டிரம்முக்கு வரும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சுட்டு, லைனிங் பிடி விட்டுப்போகும். இன்ஜினையே அணைத்து இறக்குகிறவர்களும் உண்டு. அப்போது கம்ப்ரசர் ஓடாது, காற்று குறையும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். 'பிரேக் ஃபெயிலியர்' என்று எழுதப்படும் பல விபத்துகளில் பிரேக் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

டீசல் மிச்சம் என்பதும் இன்றைய வண்டிகளில் பொய்க்கணக்கு. காமன் ரெயில் இன்ஜினில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். இதை டிரைவருக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஆனால் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைலேஜுக்குத் தனிப் பேட்டா வைத்தது யார்? நாம்தான். ஒரு லிட்டருக்குக் கணக்குக் கேட்கும் ஓனரிடம் வேலை செய்கிறவர் நியூட்ரலில்தான் இறக்குவார். மைலேஜ் பேட்டாவை எடுத்துவிட்டு, கேஸ் இல்லாமல், அடி இல்லாமல் வந்த மாதத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள். நான் கணக்குப் பார்க்கும் ஓனர்களில் இதைச் செய்தவர்களின் க்ளெய்ம் ஃபைல்கள் மெலிந்துவிட்டன.

டோல்கேட் தாண்டி ஓரமாக நிறுத்தி, ஏர் மீட்டரைப் பார்த்து, ஏற்றத்துக்கு எந்த கியர் வேண்டுமோ அந்த கியரில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்கச் சொல்லுங்கள். ஏர் டேங்கில் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை மெக்கானிக் பார்க்க வேண்டும். செலவு பத்து நிமிஷமும் ஒரு டீயும். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கண் இழுக்கும் நேரம், அப்போது இறக்கம் வராதபடி கிருஷ்ணகிரியிலேயே படுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். படுக்கும் வண்டி ரோட்டோரத்தில் நிற்கக் கூடாது, பங்கிலோ பார்க்கிங்கிலோ நிற்க வேண்டும். பின்னால் வருகிறவன் உயிர், உங்கள் பேட்டரி, டீசல், தார்ப்பாய் எல்லாம் அதில் இருக்கிறது.

காகிதத்தில் ஒன்று பாக்கி. ஆர்.சி.யும் பாலிசியும் இன்னும் அப்பா பெயரில் இருக்கின்றன என்கிறீர்கள். அப்பா நல்லபடியாக இருக்கட்டும். ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்: பாலிசிதாரர் காலமானால் பாலிசி மூன்று மாதமோ அதன் கெடு முடியும் வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். வாரிசுகள் அதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போதே பெயர் மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி. மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களுடைய தடையின்மைச் சான்று முதலில் வேண்டும். எட்டு வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடா வருடம். எஃப்.சி., பர்மிட், டாக்ஸ், இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் இந்த ஐந்து தேதியையும் செட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். இன்சூரன்ஸ் முடிந்து 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் அது 50 சதவீதம் வரை ஏறும். கண்ணாடி விரிசல் போன்ற சின்னச் செலவுக்குக் க்ளெய்ம் போடும் முன் இந்தத் தொகையையும் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

நாளைக் காலையில் முதல் வேலையாக ஃபேக்டரி கேட்டுக்குப் போய் அன்றைய எடைப் பதிவைக் கேளுங்கள். கிடைத்ததும் சர்வே ரிப்போர்ட் நகல் கேட்கும் மெயிலோடு அதையும் சேர்த்து அனுப்புங்கள். ஜி.சி. நோட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால், சரக்குக்காரருக்கு என்ன பதில் எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.